தரை தட்டிய ‘சுவேவிக்’: ஒரு பழைய புகைப்படத்தின் வரலாறு

ஆண்டறிக்கையின் வரவு செலவுக் கணக்குகளையும் கூட்ட நடவடிக்கைகளையும் பார்வையிட்டு முடித்த வாசகர்களை, இப்பக்கங்களில் சற்றுத் தொலைவான ஒரு கடற்கரைக்கு அழைத்துச் செல்ல விழைகிறோம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ளது கார்ன்வால் மாவட்டம். அதன் தென்முனைக்கு லிசர்ட் என்று பெயர். அங்கே 1907ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எடுக்கப்பட்ட புகைப்படங்களே இக்கட்டுரைக்குப் பொருளாக அமைந்துள்ளன.

நான்கு பாய்மரக் கம்பங்களும் ஒற்றைப் புகைபோக்கியும் கொண்ட மிகப் பெரிய நீராவிக் கப்பல் ஒன்று அப்படங்களில் நிற்கிறது. நிற்கிறது என்ற சொல்லை நாம் அறிந்தே எழுதுகிறோம். கப்பல் கவிழவில்லை, மூழ்கவும் இல்லை. முன்பகுதி பாறைகளில் சிக்கியிருக்க, பின்பகுதி நீரில் மிதந்தவாறு இருக்கிறது. சுற்றிலும் கரிய பாறைகள் தலைகாட்டுகின்றன. இப்படங்களை முதன்முறை பார்ப்பவர், நங்கூரமிட்ட கப்பலைச் சற்று விபரீதமான இடத்தில் யாரோ நிறுத்திவிட்டார்கள் என்றே எண்ணக்கூடும். அக்கப்பலின் பெயர் ‘சுவேவிக்’.

பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். ஆனால் இதனை இயக்கிய ஒயிட் ஸ்டார் லைன் நிறுவனத்தையும், இதனைக் கட்டிய பெல்ஃபாஸ்ட் நகரின் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் தளத்தையும் நாம் வேறொரு கப்பலின் மூலம் நன்கறிவோம். இதே தளத்தில் கட்டப்பட்டு, இதே நிறுவனத்தால் இயக்கப்பட்டு, 1912 ஏப்ரலில் மூழ்கிய ‘டைட்டானிக்’கே அது. அதைப் பற்றிய நூல்களுக்கும் திரைப்படங்களுக்கும் குறைவே இல்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் பாறையில் மோதிய சுவேவிக்கை உலகம் ஏறத்தாழ மறந்தே போயிற்று. காரணம் எளியது, சுவேவிக்கில் ஒருவரும் இறக்கவில்லை. உயிரிழப்பின் எண்ணிக்கையைக் கொண்டே கப்பல் விபத்துகளை நினைவில் வைத்துக்கொள்வது மனித இயல்பு போலும்.

படமெடுத்த குடும்பம்

இப்படங்களைப் பற்றிப் பேசுமுன், அக்கடற்கரையில் கப்பல் விபத்துகளைத் தலைமுறை தலைமுறையாகப் படமெடுத்த குடும்பம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கார்ன்வால் முனைக்கு மேற்கே கடலுக்குள் சில்லி என்னும் சிறு தீவுக்கூட்டம் உள்ளது. (தென்னமெரிக்க நாடான சிலியோடு இதற்குத் தொடர்பில்லை.) அத்தீவுகளைச் சேர்ந்த ஜான் கிப்சன் 1827இல் பிறந்தவர். கடலோடியாக இருந்து, பின்னர்ப் புகைப்படக்கலையைக் கற்றுத் தொழிலாகக் கொண்டவர். அவருடைய மக்கள் அலெக்சாண்டரும் ஹெர்பர்ட்டும் தந்தையிடமே தொழில் பழகினர். 1869இல் சில்லித் தீவுகளுக்குத் தந்திக் கம்பி வந்து சேர்ந்தது. அதே ஆண்டில்தான் இக்குடும்பத்தின் முதல் கப்பல் விபத்துப் படங்களும் எடுக்கப்பட்டன. இவ்விரண்டும் ஒன்றாக நிகழ்ந்தது தற்செயல் அன்று. செய்தி உடனே வெளியுலகுக்குச் செல்ல வழி பிறந்ததும், படத்திற்கும் தேவை பிறந்தது.

அக்காலத்தில் படமெடுப்பது இன்று நாம் கைப்பேசியை உயர்த்திப் பிடிப்பது போன்ற எளிய செயல் அன்று. கண்ணாடித் தகட்டின் மேல் மருந்துக் கரைசலைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். எல்லாவற்றுக்குமாகக் கிடைப்பது சில நிமிடங்களே. ஆதலால் இருட்டறையையே உடன் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. கிப்சன் குடும்பத்தார் தங்கள் இருட்டறையைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு சென்றனர். கண்ணாடித் தகடுகளையும் மருந்துப் புட்டிகளையும் சுமந்துகொண்டு, மழையிலும் காற்றிலும் வழுக்கும் பாறைகளில் ஏறி இறங்கிய அவர்களுடைய பாடு சாதாரணமானதன்று. சுவேவிக் விபத்து நிகழ்ந்த காலத்தில் உலர் தகடுகள் வந்துவிட்டமையால் வேலை ஓரளவு இலகுவாகியிருந்தது.

படமெடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1875 மே 7ஆம் நாள் இரவு, நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த ‘ஷில்லர்’ என்ற ஜெர்மன் பயணிகள் கப்பல் கடும் மூடுபனியில் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதியது. 335 பேர் மாண்டனர். கப்பலில் இருந்தோர் ஆபத்தை அறிவிக்கப் பீரங்கி ஒலி எழுப்பினர். ஆனால், அவ்வழியே செல்லும் கப்பல்கள் நலமாக வந்து சேர்ந்ததை அறிவிக்கவும் அவ்வாறே பீரங்கி முழக்கும் வழக்கம் இருந்தமையால், கரையில் இருந்தோர் அதனை ஆபத்தின் குரலாக உணரவில்லை. ஒரே ஒலி இரு பொருள் தந்ததால் நேர்ந்த பேரிழப்பு அது. அந்நாட்களில் ஜான் கிப்சன் செய்தி எழுத, மகன் அலெக்சாண்டர் அதனைத் தந்தியில் இடைவிடாது அனுப்பிக்கொண்டேயிருந்து, இறுதியில் களைத்து மயங்கி விழுந்தார்.

நான்கு தலைமுறைகளில் இக்குடும்பம் இருநூறுக்கும் மேற்பட்ட கப்பல் விபத்துகளைப் படமெடுத்துள்ளது. அவர்கள் விட்டுச் சென்ற 1,360க்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளையும் சுருள்களையும் 2013ஆம் ஆண்டில் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் ஏலத்தில் 1,22,500 பவுண்டுக்கு வாங்கிப் பாதுகாத்து வருகிறது.

அந்த இரவு

இனி சுவேவிக்கிற்கு வருவோம். 1900 டிசம்பரில் கடலில் இறக்கப்பட்ட இக்கப்பல் ஏறத்தாழ 12,500 டன் எடையளவும் 550 அடி நீளமும் கொண்டது. இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வழியாக ஆஸ்திரேலியா சென்று திரும்பும் வழித்தடத்திற்கென்றே கட்டப்பட்டது. ஆஸ்திரேலியாவில் குடியேறச் செல்வோரையும் அங்கிருந்து திரும்புவோரையும் இது ஏற்றிச் செல்லும். திரும்பும்போது உறைய வைத்த ஆட்டிறைச்சி இதன் முதன்மையான சரக்காக இருக்கும்.

1907 பிப்ரவரி தொடக்கத்தில் மெல்போர்னிலிருந்து புறப்பட்டு, கேப் டவுனையும் கேனரித் தீவுகளில் உள்ள டெனரீஃபையும் தொட்டு, மார்ச் 17ஆம் நாள் கப்பல் ஆங்கிலக் கால்வாயின் வாயிலை நெருங்கியது. மறுநாள் பிளிமத் துறைமுகம். ஆறு வாரத்திற்கும் மேலாகக் கடலில் இருந்தவர்கள், இறங்குவதற்காக மூட்டை முடிச்சுகளைக் கட்டிவைத்திருப்பார்கள் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கப்பல் தலைவர் தாமஸ் ஜோன்ஸ் அன்று நண்பகலில் சூரியனைக் கொண்டு தம் இருப்பிடத்தைச் சரிவரக் கணிக்க முடியவில்லை. வானம் மூடிக் கிடந்தது. செயற்கைக்கோள் வழிகாட்டியோ ரேடாரோ இல்லாத காலம் அது. இத்தகைய வேளைகளில் கடலோடிகள் கைக்கொள்வது மனக்கணக்கே. இன்ன திசையில், இன்ன வேகத்தில், இத்தனை மணி நேரம் ஓடினோம். ஆகவே இன்ன இடத்தில் இருக்கிறோம் என்பதே அக்கணக்கு. நீரோட்டம் கப்பலைச் சற்றே முன்னே தள்ளியிருந்தாலும் அது கணக்கில் வராது. லிசர்ட் முனையின் கலங்கரை விளக்கம் 138 மைல் தொலைவில் இருப்பதாக அந்நண்பகலில் கணிக்கப்பட்டது.

இரவு பத்தரை மணியளவில் விளக்கின் ஒளி தென்பட்டது. அது இன்னும் பத்து மைல் தொலைவில் இருப்பதாகக் கப்பல் தலைவர் கருதினார். உண்மையில் கப்பல் பாறைகளின் அருகிலேயே வந்துவிட்டிருந்தது. தூறலும் பனிமூட்டமும் கலந்த காற்றில் ஒளியின் தொலைவைக் கண்ணால் அளப்பது எவ்வளவு தவறானது என்பதை, இரவில் கடலுக்குச் சென்று பழகிய எவரும் அறிவர். வேகம் குறைக்கப்படவில்லை. கரையிலிருந்து கால் மைல் தொலைவே உள்ள மென்ஹீர் பாறைத் தொடரின் மேல் கப்பல் முழு வேகத்தில் ஏறியது.

தவிர்த்திருக்க வழி இருந்ததா? இருந்தது. ஆழம் பார்த்தல் என்பது கடலோடிகளின் மிகப் பழைய வழக்கம். ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் நீரின் ஆழம் தெரியும். குண்டின் அடியில் உள்ள குழியில் கொழுப்பை அப்பி வைத்தால், கடலடியின் மணலோ சேறோ சிப்பியோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஆழத்தையும் அடிமண்ணையும் வரைபடத்தோடு ஒப்பிட்டால், கரை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை இருட்டிலும் ஊகிக்கலாம். போதாக்குறைக்கு, கப்பலை நிறுத்தாமலேயே ஆழம் பார்க்கும் கம்பிக் கருவியை வில்லியம் தாம்சன் என்ற அறிவியலறிஞர் 1870களிலேயே உருவாக்கிவிட்டார். (கெல்வின் பிரபு என்று நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பவர் இவரே.) ஆயினும் அன்றிரவு சுவேவிக்கில் அது முறையாகச் செய்யப்படவில்லை. விளக்கு தெரிகிறதே, பிறகு ஆழம் எதற்கு என்ற எண்ணமாக இருக்கலாம். பின்னர் நடந்த விசாரணையில் கப்பல் தலைவரின் சான்றிதழ் மூன்று மாத காலம் நிறுத்தி வைக்கப்பட்டது.

மூன்று மாதம் என்பது இத்தகைய பிழைக்குக் குறைந்த தண்டனையே என்று சிலருக்குத் தோன்றலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கப்பலைப் பின்னோக்கி இயக்கி மீட்க முயன்று, அது இயலாதெனக் கண்டதும் காலந்தாழ்த்தாமல் ஆபத்து வாணங்களை விட்டார். பெண்களையும் குழந்தைகளையும் முதலில் இறக்க ஏற்பாடாயிற்று. பிழை செய்தவர் பிழைக்குப் பின் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

தண்டு வலித்தவர்கள்

வாணங்களைக் கண்டு வந்தவர்கள் யார் என்பதே இவ்வரலாற்றில் நம்மை மிகவும் ஈர்க்கும் பகுதி.

பிரிட்டனின் கரைகளில் ஆபத்திலிருப்போரைக் காக்க 1824இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. பின்னாளில் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன் எனப் பெயர் பெற்ற இது, அரசுத் துறை அன்று. பொதுமக்கள் தரும் நன்கொடையைக் கொண்டே நடைபெறும் அமைப்பு. கரையோர ஊர்களில் ஒரு படகு, அதற்கொரு கொட்டகை, ஊரார் அடங்கிய ஒரு குழு, ஊதியமின்றிப் பணியாற்றும் ஒரு கௌரவச் செயலாளர் என்பதே அதன் அமைப்பு முறை. கமிட்டி, கௌரவச் செயலாளர், நன்கொடை ரசீது ஆகியவற்றின் அருமையையும் தலைவலியையும் நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை! படகில் செல்வோர் அவ்வூர் மீனவரே. கடலில் இறங்கும் தடவைக்குச் சிறு தொகை உண்டு. மற்றபடி அது அவர்களுடைய பிழைப்பு அன்று.

அன்றிரவு காட்ஜ்வித், லிசர்ட், கோவராக், போர்த்லெவன் ஆகிய நான்கு ஊர்களிலிருந்து நான்கு உயிர்காப்புப் படகுகள் இறங்கின. காட்ஜ்வித் என்பது, நாம் மத்தி என்றும் சாளை என்றும் அழைக்கும் இன மீனைப் பிடித்து வாழ்ந்த மிகச் சிறிய கடலோரச் சிற்றூர். இப்படகுகளில் இயந்திரம் கிடையாது, மேற்கூரையும் கிடையாது. நாற்பது அடிக்கும் குறைந்த நீளமுள்ள திறந்த மரப்படகுகள். வரிசையாக அமர்ந்து தண்டு வலித்துத்தான் செலுத்த வேண்டும். நான்கு படகுகளிலுமாகச் சென்றவர்கள் ஏறத்தாழ 60 பேர்.

மூடுபனி, வலுத்த காற்று, இருட்டு. பாறைகளுக்கிடையே நுரைத்தெழும் அலையில் படகை நுழைத்து, மலைபோல் உயர்ந்து நிற்கும் கப்பலின் பக்கவாட்டை அணைய வேண்டும். படகு ஒரு கணம் மேலே எழும். மறுகணம் பல அடி கீழே போய்விடும். அது மேலே எழும் கணம் பார்த்துக் கப்பலிலிருந்து ஆளை இறக்க வேண்டும். கணம் தப்பினால் இறங்குபவர் கடலுக்குள். பயணிகளிடையே கைக்குழந்தைகள் மட்டும் ஏறத்தாழ எழுபது பேர் இருந்தனர் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அவ்விரவின் கடினம் ஓரளவு விளங்கும். ஒவ்வொரு குழந்தையும் கப்பலில் இருந்த ஒரு கையிலிருந்து படகில் இருந்த மற்றொரு கைக்கு மாறியாக வேண்டும்.

நிரம்பிய படகைக் கரை சேர்த்து, இறக்கிவிட்டு, மீண்டும் அதே பாறைகளுக்கு இடையே திரும்பினர். மறுபடியும் மறுபடியும் சென்றனர். பதினாறு மணி நேரம் இது நீடித்தது. காட்ஜ்வித் படகு 227 பேரையும், லிசர்ட் படகு 167 பேரையும், கோவராக் படகு 44 பேரையும், போர்த்லெவன் படகு 18 பேரையும் கரை சேர்த்தன. மொத்தம் 456 உயிர்கள். எஞ்சியோரும் பிற கலங்களில் பத்திரமாகக் கரையேறினர். அச்சங்கத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றில் ஒரே கப்பலிலிருந்து இத்தனை பேரை மீட்ட நிகழ்ச்சி வேறில்லை. ஆறு பேருக்கு வெள்ளிப் பதக்கம் அளிக்கப்பட்டது. அவர்களில் இருவர் சுவேவிக்கின் ஊழியர்கள்; மற்ற நால்வர் படகுக்காரர் தரப்பினர். காட்ஜ்வித் நிலையத்தின் கௌரவச் செயலாளரான பாதிரியார் ஹாரி விவியனும் அந்நால்வருள் ஒருவர்.

இனி அப்புகைப்படத்தை மீண்டும் ஒருமுறை நோக்குவோம். கப்பல் இருக்கிறது, பாறை இருக்கிறது, கடல் இருக்கிறது. இருட்டில் தண்டு வலித்த அறுபது பேர் இல்லை. கைமாறிய குழந்தைகள் இல்லை. அக்காலத்துக் கருவிகளைக் கொண்டு நள்ளிரவில், ஆடும் கடலில், பனிமூட்டத்தில் படமெடுக்க வழியே இல்லை. பகல் வந்து, பனி விலகி, படப்பெட்டியை நிலையாக ஊன்றி வைத்தபோது அங்கே எஞ்சியிருந்தது இரும்பு மட்டுமே. படமெடுத்தவரின் குறை அன்று இது. ஆனால் படத்தை மட்டும் பார்த்து ‘பாவம், எவ்வளவு பெரிய கப்பல்’ என்று வருந்துபவர், அங்கு நடந்த பெரிய செய்தியைத் தவறவிடுகிறார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்

கோவராக் படகு 44 பேரை மீட்டது என்றோம் அல்லவா? அந்தப் படகு அவ்வூருக்கு வந்த வரலாறு துயரமானது.

லிசர்ட் முனைக்கு வடகிழக்கே சில மைல் தொலைவில் மேனக்கிள்ஸ் என்ற பாறைக்கூட்டம் உள்ளது. 1898 அக்டோபர் 14ஆம் நாள் மாலை, லண்டனிலிருந்து நியூயார்க் சென்றுகொண்டிருந்த ‘மொகீகன்’ என்ற புதிய கப்பல் அதன் மேல் மோதியது. மூடுபனி இல்லை. கலங்கரை விளக்கம் தெரிந்துகொண்டிருந்தது. பயணிகள் இரவு உணவுக்கு அமர்ந்திருந்த நேரம். கப்பல் தவறான திசையில் செலுத்தப்பட்டது. ஏன் என்பதைச் சொல்லக் கப்பல் தலைவர் உயிருடன் இல்லை. கால் மணி நேரத்திற்குள் கப்பல் மூழ்கிவிட்டது. கம்பங்களும் புகைபோக்கியும் மட்டுமே நீருக்கு மேலே நின்றன. சிலர் அக்கம்பங்களின் கயிறுகளைப் பற்றிக்கொண்டு இரவைக் கழித்தனர். கப்பலில் இருந்த 197 பேரில் 106 பேர் மாண்டனர். அருகிலிருந்த போர்த்தௌஸ்டாக் என்ற சிற்றூரின் ‘சார்லட்’ என்னும் படகு 44 பேரைக் காப்பாற்றியது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் கோவராக் படகு காப்பாற்றியோரின் எண்ணிக்கையும் அதே 44 என்பது நம்மை வியக்க வைக்கிறது.

இறந்தோரில் பலர் செயின்ட் கெவர்ன் என்ற ஊரின் தேவாலய முற்றத்தில் ஒரே பெரும் குழியில் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களை அடக்கம் செய்தவர்களில் பெரும்பாலோர் அவர்களை உயிருடன் ஒருமுறைகூடக் கண்டிராதவர்கள். இன்றும் அவ்வடக்கத்தலத்தின் கல்லில் கப்பலின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

அடுத்த ஆண்டே, 1899 மே மாதத்தில், ‘பாரிஸ்’ என்ற மற்றொரு பயணிகள் கப்பலும் அதே பகுதியில் தரை தட்டியது. நல்லூழாக அதில் அனைவரும் தப்பினர். இனியும் பொறுத்தல் ஆகாது என்ற நிலையில், 1901இல் கோவராக்கில் புதிய உயிர்காப்புப் படகு நிலையம் அமைக்கப்பட்டது. ஆறாண்டுகள் கழித்து அப்படகுதான் சுவேவிக்கை நோக்கி விரைந்தது. மொகீகனில் இறந்தவர்களுக்கு இதனால் ஆவதொன்றுமில்லை. ஆனால் அவர்கள் இறவாதிருந்தால் அப்படகு அங்கு இருந்திருக்குமா என்ற வினா எழாமல் இல்லை.

இரு துண்டான கப்பல்

பயணிகள் கரையேறியபின் கப்பலின் கதை தனியே தொடர்ந்தது. தமிழ்க் கடலோடிகள் கப்பலின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் வழங்குவர். சுவேவிக்கின் அணியம் பாறையில் பிரிக்கவியலாதவாறு குத்தி நின்றது. ஆனால் பின்பகுதி பெரிதும் பழுதுபடவில்லை. விலை மதிப்புமிக்க கொதிகலன்களும் இயந்திரங்களும் பயணிகள் தங்கும் அறைகளும் அப்பகுதியிலேயே இருந்தன. சரக்கை இறக்கிப் பாரத்தைக் குறைத்தும் கப்பல் அசையவில்லை. அடுத்த புயல் வந்தால் முழுவதும் சிதறிவிடும்.

ஆகவே, கப்பலை வெட்டிவிடுவது என்று முடிவாயிற்று. இன்று போல் இரும்பை நீரடியில் அறுக்கும் நவீன கருவிகள் அன்று இல்லை. அளந்து வைத்த வெடிமருந்துகளைக் கொண்டு, மூழ்குநர்கள் சிறிது சிறிதாகக் கப்பலைச் சுற்றிலும் தகர்த்தனர். கப்பல் தலைவரின் மேடைக்குச் சற்றுப் பின்னால், நீர் புகாத தடுப்புச் சுவரையொட்டி வெட்டு அமைந்தது. ஏப்ரல் 2ஆம் நாள் கப்பல் இரண்டாயிற்று. இதற்கு முன் 1898இல் ஸ்காட்லாந்துக் கரையில் ‘மில்வாக்கி’ என்ற கப்பல் இவ்வாறே வெட்டி மீட்கப்பட்டதுண்டு. எனினும் இத்துணைப் பெரிய பயணிகள் கப்பலில் அதைச் செய்யத் துணிந்தது பெரிய காரியமே.

அணியமில்லாத அப்பின்பகுதி, இழுவைக் கப்பல்களின் துணையோடு, தன் சொந்த இயந்திரத்தாலேயே பின்னோக்கி ஓடி சவுத்தாம்ப்டன் துறைமுகத்தை அடைந்தது. பெல்ஃபாஸ்ட் தளத்தில் 212 அடி நீளமுள்ள புதிய அணியம் ஒன்று தனியே கட்டப்பட்டது. அதுவும் கப்பல் போலவே கடலில் இறக்கப்பட்டு, அக்டோபரில் இழுத்து வரப்பட்டது. உலகின் மிக நீளமான கப்பல் சுவேவிக்தான், அதன் தலை பெல்ஃபாஸ்டிலும் வால் சவுத்தாம்ப்டனிலும் இருக்கிறது என்று அக்காலத்தவர் வேடிக்கையாகப் பேசிக்கொண்டனராம். இரு பகுதிகளும் இணைக்கப்பட்டு, 1908 ஜனவரியில் கப்பல் மீண்டும் ஆஸ்திரேலியப் பயணத்தைத் தொடங்கிற்று. இரு ஊர்களில் இருந்த இரு துண்டுகள் பொருத்தமாக வந்து சேர்ந்தன என்பது, அப்பட்டறைத் தொழிலாளரின் அளவுத் திறனுக்குச் சான்று.

அதன்பின் அது நெடுங்காலம் உழைத்தது. முதல் உலகப் போரில் படையினரையும் இறைச்சியையும் சுமந்தது. 1928இல் நார்வே நாட்டவர் ஒருவரின் நிறுவனத்திற்கு விற்கப்பட்டு, திமிங்கில எண்ணெய் எடுக்கும் மிதக்கும் ஆலையாக மாற்றப்பட்டு, ‘ஷிட்டரன்’ என்ற புதுப்பெயர் பெற்றது. 1940இல் ஜெர்மனி நார்வேயைக் கைப்பற்றியபோது, அது நடுநிலை நாடான ஸ்வீடனின் கோதன்பர்க் துறைமுகத்தில் இருந்தது. ஈராண்டுகள் அங்கேயே முடங்கிக் கிடந்தது. 1942 ஏப்ரல் 1ஆம் நாள், அங்கிருந்த பத்து நார்வேக் கப்பல்கள் ஜெர்மானியக் காவலை ஊடுருவிப் பிரிட்டனுக்குத் தப்பிச் செல்ல முயன்றன. இரண்டு மட்டுமே பிரிட்டனை எட்டின. ஷிட்டரனை ஜெர்மானியப் போர்க்கலங்கள் வழிமறித்தன. எதிரியின் கையில் சிக்கலாகாது என்று, அதன் ஊழியர்களே அதனை மூழ்கடித்துவிட்டனர். ஊழியர்கள் சிறைபிடிக்கப்பட்டனர்; அவர்களில் ஒருவர் அன்று உயிரிழந்தார்.

பாறையில் மோதிய இரவில் ஓர் உயிரையும் கொள்ளாத கப்பல், முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து மனிதர் நடத்திய போரில் ஓர் உயிரைத் தன்னோடு கொண்டு சென்றது.

ஸ்வீடனுக்கு அப்பால் கடலடியில் இன்று கிடப்பது 1907இல் பொருத்தப்பட்ட புதிய அணியமும் பழைய பின்பகுதியும் ஆகும். நம் முன் உள்ள புகைப்படத்தில் பாறை மேல் நிமிர்ந்து தெரியும் அந்த அணியம் அதனோடு போகவில்லை. வெட்டி விடப்பட்டபின் அது லிசர்ட் முனையிலேயே கிடந்து, அலைகளால் உடைபட்டு, மென்ஹீர் பாறைகளின் இடுக்குகளில் இரும்புத் துண்டுகளாய்ச் சிதறிப் போயிற்று.